நூறு ரூபாய்க்குக் கவிழ்ந்த அரசாங்கம்

ஒரு நாட்டின் அரசாங்கத்தையே நூறு ரூபாய்க்குக் கவிழ்த்தவள் நான். எதிர்க்கட்சியில் இருந்து கவிழ்த்திருந்தாலாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் அந்த அரசாங்கத்தின் வெளியுறவுத் துறை மந்திரி. அதுவும், கவிழ்த்தது எனக்கே தெரியாமல் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். (வீடியோ இருக்கிறது. கேட்காதீர்கள், தர மாட்டேன்.)

பதற வேண்டாம், நிஜ அரசாங்கம் இல்லை. ஆரணியில் நான் பி.ஏ. கடைசி வருஷம் படித்தபோது எங்கள் கல்லூரியில் நடந்த மாதிரி நாடாளுமன்றப் போட்டி. மாவட்டத்துக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் மேடையில் மக்களவையை நடத்திக் காட்ட வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சபாநாயகர் எல்லாம் மாணவர்களே. நன்றாக நடத்துகிற கல்லூரிக்கு முதல் பரிசு.

அந்த முதல் பரிசு எனக்கு உயிர் போகிற விஷயம். காரணம் என் அப்பா. பஜாரில் எங்களுக்குப் பட்டுப் புடவைக் கடை. பதினைந்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டுவது நான்தான். சென்னைக்குப் போய் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா ஆடிப்போய்விட்டார்.

"நீ மெட்ராஸ் போய்ட்டா கஸ்டமருக்கு யாரும்மா பதில் சொல்றது? பொம்பளைங்க எல்லாரும் உன்னக் கேட்டுகினுதான உள்ள வராங்க?"

அழுதேன். பேசாமல் இருந்தேன். சாப்பிடாமல்கூட இருந்தேன். (ஒரே ஒரு வேளை. அடுத்த வேளைக்குப் பரோட்டா வந்துவிட்டது, என்ன செய்ய?) கடைசியில் ஒரு நாள் அப்பா வழிக்கு வந்தார்.

"இன்னாவோ பார்லிமெண்டுப் போட்டின்னு சொல்லிகினு திரியறியே, அதுல ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கு, அனுப்பி வெக்கறேன். இல்லன்னா பேசாம கடைக்கு வந்துடணும்."

ஆறு மாசமாக அம்மா, அத்தை எல்லாரும் கெஞ்சியும் அசையாத மனிதர் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிசு. நானும் சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டேன்.

எங்களைத் தயார் செய்தவர் அரசியல் அறிவியல் எடுத்த ஹேமா மேடம். எங்களுக்கு விழுந்த தலைப்பு, வெளிநாடுகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நாடாளுமன்றம் எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்பது. தலைப்பைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேருக்குத் தலைவலி வந்துவிட்டது. மேடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"உங்கப்பா சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போறாரு. 'என் பங்குக்கு ஒரு பவுன் போடறேன்'னு அத்தனை பேர் எதிர்ல சொல்லிட்டு வந்துடறாரு. வீட்டுல பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?"

"அம்மாகிட்ட மேடம்!" என்று எல்லோரும் கத்தினோம்.

"அவ்வளவுதான் பாடம். வெளிநாட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வர்றது அரசாங்கம். உலக அமைப்புக்குச் சந்தா, பக்கத்து நாட்டுக்குப் பாலம் கட்ட உதவி, எது வேணா ஒத்துக்கலாம். ஆனா பீரோ சாவி மக்களவைகிட்ட. மந்திரி போய், இதுக்கு இவ்வளவு வேணும்னு மானியக் கோரிக்கை வைக்கணும். சபை சரின்னு ஓட்டுப் போட்டு, அதுக்கு ஒரு சட்டமும் போட்டாத்தான் பணம் வெளியில வரும்."

அதோடு என் பக்கம் திரும்பி ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். கோரிக்கையில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொண்டுவரும். கோடிக் கணக்கில் நூறு ரூபாய் என்ன பெரிசு என்று நினைக்கக் கூடாது. ஏதாவது ஒரு குறையைச் சபையில் எடுத்துப் பேச அது ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தீர்மானம் ஜெயித்துவிட்டால், அரசாங்கத்தின் மேல் சபைக்கு நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். மந்திரிசபையே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"நூறு ரூபாயை மட்டும் விட்டுடாத. புரிஞ்சுதா மந்திரி?"

"ஒரு ரூபா விட மாட்டேன் மேடம்!" என்று மார்தட்டினேன். மனசுக்குள் அப்போதே எம்.ஏ. முதல் வருஷ வகுப்பில் உட்கார்ந்தாகிவிட்டது.

இங்கே எங்கள் கடைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடையில் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்துவிட்டுப் போனவரை நான் பார்த்ததே இல்லை. எல்லாம் பேசி முடித்து, பைக்குள் புடவையை வைக்கிற நேரத்தில், "ஒரு நூறு ரூபா கொறைச்சிக்குங்க" என்று ஒரு கேள்வி வரும். அப்படிக் கேட்டதும் நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் கட்டுப்படியாகாது. இடது காதைச் சொறிந்தால் கொடுத்துவிடலாம். வாய் பேசாமல் ஆறு வருஷமாக நடந்துவந்த ஏற்பாடு இது. தூக்கத்தில் யாராவது "கொறைச்சிக்குங்க" என்றாலும் என் கழுத்து தானாகத் திரும்பும்.

போட்டி நாள் வந்தது. மந்திரி என்றால் பட்டுப் புடவை வேண்டுமே? கடையிலிருந்தே ஒரு பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தார் அப்பா. "வேர்வை படாம கட்டிகினு வா, திரும்ப ஷோகேஸ்ல வெக்கணும்." (பங்குனி மாச வெயிலில்!) விலைச் சீட்டைக்கூடப் பிய்க்க விடவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைத் தூக்கிப் பேசினால் வேர்க்குமே என்று கையை ஒட்டியபடி வைத்துக்கொண்டு மேடை ஏறினேன். அப்பா அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பத்து நிமிஷம் நான் பேசியதைக் கேட்டிருந்தால் உங்களுக்கே என்மேல் மரியாதை வந்திருக்கும். உலக அரங்கில் நாம் கொடுத்த வாக்கு, அண்டை நாட்டுப் பாலம், நம் நாட்டின் மானம் என்று பொரிந்து தள்ளினேன். கைதட்டல் தூள் பறந்தது. அப்பா பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து "நம்ம பொண்ணு, நம்ம பொண்ணு" என்று சொல்வது மேடையிலிருந்தே தெரிந்தது.

அப்புறம் குமுதா எழுந்தாள். எதிர்க்கட்சித் தலைவி. களம்பூர்க்காரி, அவள் அப்பா நெல் தரகர். பாலப் பணி தாமதமானதற்காக நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று, எழுதிக் கொடுத்தபடியே வெட்டுத் தீர்மானத்தைப் படித்தாள். நானும் எழுதிக் கொடுத்தபடியே, "ஏற்க இயலாது" என்று கம்பீரமாகச் சொன்னேன். அவள் உட்கார வேண்டும். உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எனக்கு விழுந்த கைதட்டல் அவள் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இன்னாங்க மேடம், ஒரேயடியா இப்டி சொல்றீங்க? நாங்க இன்னா புதுசா வர்றவங்களா? ஒரு நூறு ரூபா கொறைச்சிக்குங்க!"

அரங்கமே சிரித்தது. என் கழுத்து திரும்பியது.

மூன்றாவது வரிசையில் அப்பா. அவரும் பாவம் என்ன செய்வார், காதில் விழுந்தது அவர் தினமும் கேட்கிற வார்த்தை. மகள் திரும்பிப் பார்க்கிறாள். அவர் இடது கை தானாக மேலே போய், இடது காதைச் சொறிந்தது.

"சரிங்க, உங்களுக்காகப் பண்ணிக்கலாம், எடுத்துக்குங்க," என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டேன்.

சபாநாயகராக இருந்த சரவணனுக்கு மனப்பாடம் செய்த வசனத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. "தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்க" என்றான். மந்திரியே சொல்லிவிட்டாரே என்று எங்கள் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டி "ஆம்!" என்று கத்தினார்கள். "எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்க" என்றபோது பிரதமராக இருந்த தினேஷ் மட்டும் அழுகிற குரலில் "இல்லை" என்றான். "ஆம் என்போர் அதிகம். தீர்மானம் நிறைவேறியது!" என்று சரவணன் சுத்தியலால் ஓங்கி அடித்தான்.

மேடை ஓரத்தில் ஹேமா மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி, கவுத்துட்டியே!" என்றான் தினேஷ். மைக் ஆனில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எம்.ஏ. போச்சு. வாழ்நாள் முழுக்கப் புடவைக் கடைதான். எப்படியாவது சமாளிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, அந்த நூறு ரூபாயை வேணும்னா நானே கையிலிருந்து போட்டுடறேன்," என்றேன்.

அதோடு விட்டதா? மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "ஐயா, கொழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க! நூறு ரூபாதானங்க, இந்தாங்க, நான் குடுத்துடறேன்!" என்றார்.

அதற்கப்புறம் சபையை நடத்த யாராலும் முடியவில்லை. நடுவர்களில் ஒருவர், சட்டசபை அலுவலகத்தில் வேலை பார்த்து ரிடையரானவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைக் கொடுக்கும்போது அந்த நடுவர், "எதிர்க்கட்சி கேட்டதை உடனே செஞ்சு குடுத்த மந்திரியை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைம்மா" என்றார். முதல் பரிசு வேறொரு கல்லூரிக்குப் போனது. அவர்களுடைய அரசாங்கம் கடைசிவரை நின்றது.

அப்பாவின் மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். கண்ணீரெல்லாம் பச்சைப் புடவையில் சொட்டியது. அப்பா புடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்தே அவரும் நொந்துபோயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

"ஏம்ப்பா காதைச் சொறிஞ்சீங்க?" என்றேன்.

"நீ ஏம்மா திரும்பிப் பாத்த?" என்றார்.

வண்டி பஜாரைத் தாண்டியது. எங்கள் கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது.

"அப்பா, ஃபர்ஸ்ட் பிரைஸ்னு சொன்னீங்க. ஆறுதல் பரிசு வந்திருக்கு. நான் இன்னா புதுசா வர்ற கஸ்டமரா? கொஞ்சம் கொறைச்சிக்குங்கப்பா."

பின்னாலிருந்து எனக்கு அப்பாவின் பிடரியும் இரண்டு காதுகளும்தான் தெரிந்தன. வேகத்தடையில் வண்டி மெதுவானது. இடது கை ஹேண்டில்பாரை விட்டு மேலே வந்தது. மூக்குக்கண்ணாடிப் பக்கம் போனது. நான் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போன கை கண்ணாடியைத் தொடாமல் அப்படியே நகர்ந்து, இடது காதை நிதானமாகச் சொறிந்தது.

அப்படியே அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வண்டி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் கவிழ்வோம். ஒரு நாளைக்கு ஒரு கவிழ்ப்பு போதும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

வீட்டில் பீரோ சாவி அம்மாவிடம்தானே? அப்பா நடந்ததைச் சொல்லி, சென்னைச் செலவுக்குக் கோரிக்கை வைத்தார். அம்மா எந்த வெட்டும் இல்லாமல் நிறைவேற்றி, மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தார். (கேட்ட தொகையைக் கூட்டுகிற அதிகாரம் மக்களவைக்குக் கிடையாது. அம்மாவுக்கு உண்டு.) கண்ணீர்க் கறை பட்ட பச்சைப் புடவையும் எனக்கே வந்து சேர்ந்தது, விலைச் சீட்டோடு.

இப்போது நான் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுக்கிறேன். வெட்டுத் தீர்மானம் பாடத்துக்கு அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போவேன். சீக்கிரம் விடச் சொல்லிப் பிள்ளைகள் பேரம் பேசினால், அரசாங்கம் கவிழ்ந்துவிடும் என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன்.

பாவம், இதில் நிரந்தரமாக மாட்டிக்கொண்டவர் அப்பாதான். பேரப் பிள்ளைகள் சினிமாவுக்குப் போகணும், சைக்கிள் வேணும் என்று எதையாவது கேட்டுவிட்டு அவர் காதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மனுஷனுக்கு நிஜமாகவே கொசு கடித்தாலும் எங்கள் வீட்டில் காதைச் சொறிய முடியாது. கை மேலே போனால் போதும், யாராவது ஒருவர் தட்டையோ மேசையையோ ஓங்கித் தட்டி, "தீர்மானம் நிறைவேறியது!" என்று கத்திவிடுகிறார்கள்.