ரவுண்டபவுட்டை மறைத்த இரண்டு யானைகள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் காத்திருந்தபோதுதான் எனக்கு வரைபடம் வரையும் ஆசை தோன்றியது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பல் மருத்துவர் தன் அறைச் சுவரில் ஒரு பழைய வரைபடம் மாட்டியிருந்தார். ஆம்ஸ்டர்டாமில் எவனோ செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு விற்ற மலாயா. கடலில் கப்பல்கள், மூலையில் கன்னம் உப்பக் காற்று ஊதும் குழந்தைகள், நாட்டின் நடுவில் ஒரு யானை.

"யானை எதுக்கு டாக்டர்?"

"அங்க என்ன இருக்கெண்டு செதுக்கினவனுக்குத் தெரியாது தம்பி. யானையை வச்சு மூடிப்போட்டான்," என்றார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

பல் போனது; பைத்தியம் பிடித்தது. நூலகத்திலிருந்த வரைபடப் புத்தகங்களை எல்லாம் மேய்ந்தேன். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு ரவாங், மண்டபம் கிள்ளானில். அழைப்பிதழின் பின்பக்கம் வழி போட வேண்டுமே!

"நான் வரையிறேன்பா," என்றேன்.

பத்து நாள் உழைப்பு. கிள்ளான் ஆற்றில் பாய்மரக் கப்பல். துறைமுகத்தருகே திமிங்கலம். காற்று ஊதும் குழந்தைக்குப் பெரியப்பாவின் முகம் (அவருக்கு இன்னும் தெரியாது). ஊருக்குள் நுழைந்ததும் வரும் ரவுண்டபவுட்டில் எந்தச் சாலை மண்டபத்துக்குப் போகும் என்பது மட்டும் நினைவில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். ஆம்ஸ்டர்டாம்காரன் மலாயாவுக்கு வந்தா பார்த்தான்? மணமக்கள் பெயரைத் தும்பிக்கையில் ஏந்திய இரண்டு யானைகளை அதன்மேல் நிறுத்தினேன். பழைய வரைபடக்காரர்களைப் போலவே ஓரத்தில் பொடி எழுத்தில், 'வரைந்து வெளியிட்டவன்: சந்திரன்' என்றும் போட்டுக்கொண்டேன். (யாரை உதைக்க வேண்டும் என்ற தகவலை நானே அச்சடித்துக் கொடுத்தேன்.)

கல்யாண நாள். பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். ஒன்பதரை ஆகியும் மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸைக் காணோம். மண்டபத்து டெலிபோன் அடித்தது. எடுத்த அப்பாவின் முகம் வெளுத்தது.

"கிள்ளானத் தாண்டி பந்திங்ல நிக்கிறாங்களாம்டா! செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல!"

அக்கா நகையோடும் பூவோடும் எழுந்து வந்தாள். "டேய், இன்னிக்கு மட்டும் தாலி ஏறல, ஒன்ன அந்த யானைக்கே பலி குடுத்துருவேன்."

பத்து இருபதுக்கு பஸ் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கார்டை ஆட்டிக்கொண்டே இறங்கினார்.

"யாருப்பா இந்த சந்திரன்?"

வாழை மரத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பெரியப்பா முன்னே தள்ளிவிட்டார்.

"ரவுண்டபவுட் எங்க தம்பி?"

"யானைக்கு அடியில, மாமா."

பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "பாஸ், யானை நிக்கிற எடத்துல ரோடு எப்படி லா இருக்கும்? நேரா வுட்டுட்டேன்!"

மாமாவின் மீசை துடித்தது. அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். கேட்டது சிரிப்புச் சத்தம். பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

வழி தவறி வருகிற எவரையும் எங்கள் வீட்டில் இன்றும், "என்ன, யானைக்குள்ள போயிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கட்டும். மற்றவர்கள் கார்டெல்லாம் குப்பைக்குப் போகிறது. என் வரைபடம் ரவாங்கில் கண்ணாடிச் சட்டத்துக்குள், சாமி படத்துக்கு ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது. மாட்டியவர் மாமாவேதான்.

இப்போது அவருடைய இரண்டாவது மகனுக்குக் கல்யாணம். "வழிய அவனே போடட்டும். ஆனா போய்ப் பாத்துட்டுப் போடச் சொல்லு," என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். செப்புத் தகடு வாங்கிவிட்டேன். இந்த முறை நானே செதுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஒவ்வொரு சந்திப்பிலும் இறங்கி நின்று வரைவதாகத் திட்டம். பின்னால் உட்கார்ந்து சரிபார்க்க அக்கா வருகிறாளாம்.