புல்லுவெட்டியாரின் மார்கழி முழுக்கு

லண்டன் மாநகரில் குளிர்காலத்தைத் தன் சொந்த எதிரியாக நினைத்து அதோடு மல்லுக்கு நின்ற மனிதர் ஒரே ஒருவர்தான்: எங்கள் புல்லுவெட்டியார். குளிர் வந்தால் மற்றவர்கள் கம்பளிச் சட்டை போட்டார்கள். இவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "வா ராசா வா, உன்னை ஒருக்கால் பாக்கிறன்" என்று சவால் விட்டார்.

எண்பதுகளின் கடைசியில் வெஸ்ட் ஈலிங்கில் அவர் தோட்டவேலை பிசினஸ் நடத்தினார். ஒரு பழைய வான், புல் வெட்டும் மெஷின் இரண்டு, வேலைக்கு நானும் மரியதாசும். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதை ஒருவரும் கேட்டதில்லை. வருஷத்தின் முதல் புல்லை வெட்டுமுன் மெஷின் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். ராகுகாலத்தில் மெஷினைத் தொடமாட்டார். அது முடியும்வரை வெள்ளைக்காரக் கிழவிகள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் மரியாதையாக நிற்பார்கள். ஏதோ பெரிய தொழில்நுட்பம் என்று நினைத்தார்களாக்கும்.

கோடையில் ஒரு கவலையும் இல்லை. இலை கொட்டி முடிந்தால்தான் வில்லங்கம். புல் வளராது, புல் வளராவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. நான் தனிக்கட்டை, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்து சமாளிப்பேன். மரியதாசின் கதை வேறு. மன்னாரில் இருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தவன். வந்த வருஷமே அந்தப் பெண்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்திருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். பர்மிங்காமில் அவனுடைய மச்சான் ஃபாக்டரி வேலை பார்த்து வைத்திருந்தான். இங்கே வேலை இல்லையென்றால் அங்கே போகத்தான் வேண்டும்.

"பிள்ளையைத் தனிய விட்டிட்டு எப்பிடி அண்ணை போறது?" என்று ஒருநாள் வானுக்குள் கேட்டான்.

புல்லுவெட்டியார் ரோட்டையே பார்த்தபடி, "நீ ஒரு இடமும் போகத் தேவையில்லை" என்றார். அடுத்த நாளே குளிர்கால வேலை தேடத் தொடங்கினார்.

முதலில் பனி. "பனி கொட்டினால் சனம் வெளியிலை வர ஏலாது. எங்களைத்தான் கூப்பிடும்" என்று பனி அள்ளச் சவள்களையும் அதைக் கரைக்க உப்பு மூட்டைகளையும் வாங்கி வானில் அடுக்கினார். அந்த வருஷம் பார்த்து மழைதான் பெய்தது. வானின் கூரை ஒழுகி உப்பெல்லாம் கரைந்தது. மா விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை என்பார்களே, அதைக் கண்ணாலேயே கண்டோம்.

பிறகு நத்தார் விளக்கு, கிறிஸ்மசுக்குப் போடுவது. ஹரோவில் ஒரு தமிழ் டொக்டர் வீட்டு முன்மரத்துக்குச் சின்னதாக விளக்குப் போடச் சொன்னார்கள். புல்லுவெட்டியாருக்குச் சின்னதாக ஒன்றும் செய்யத் தெரியாது. கோயில் திருவிழாவுக்குப் போடுவதுபோல வாசலில் விளக்குச் சிகரமே கட்டிவிட்டார். தெருவால் போன ஒரு பெரியவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, பூசை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். டொக்டரின் மனைவி அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்ற வைத்தார்.

மரியதாஸ் பெட்டி கட்டத் தொடங்கினான்.

அந்தக் கிழமைதான் அவனுடைய பங்குச் சுவாமியார் சொல்லியனுப்பினார்: பிள்ளை கிடக்கிற அதே சேமக்காலையில் பழைய கல்லறைகள் பற்றை மூடிக் கிடக்கின்றன, குளிர்காலம் முழுக்கத் துப்புரவாக்க ஆள் வேண்டும். நான் துள்ளிக் குதித்தேன். புல்லுவெட்டியாரின் முகம் கறுத்தது. வழியில் செத்தவீட்டு வானைக் கண்டாலே வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றுகிற மனிதர் அவர்.

"சுடலைக்கோ? நானோ? விசரே உங்களுக்கு?"

அவர் மரியதாசின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு ராகுகாலத்துக்கு முதல் தொடங்குவம்" என்றார்.

வேலை கிடைத்தது, கூடவே முழுக்கும் வந்தது. சேமக்காலைக்குப் போய்வந்தவர் முழுகாமல் வாசற்படி மிதிக்கக்கூடாது என்பது அவருடைய மனைவியின் சட்டம். சுடுதண்ணீரில் முழுகினால் தீட்டுப் போகாது என்பது அவருடைய சொந்தச் சட்டம். மார்கழிக் குளிரில் பின்வளவில் நின்று, தோட்டத்துக் குழாயைத் தலையில் பிடிப்பார். தேவாரம் ஒன்று தொடங்குவார். பாதி பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யன்னலுக்குத் திரை போட்டாள். "இந்த மனிசன் எனக்குத் தாலி அறுக்காமல் விடாது" என்று அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, தலை துடைக்கத் துவாயோடு நின்று அழுவார். முழுகச் சொல்வதும் அவர்தான்!

தை மாதத்தில் ஒருநாள் மரியதாசுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. நாங்கள் இருவரும் வேலையை முடித்துச் சாமான்களை ஏற்றியபின் புல்லுவெட்டியாரைக் காணவில்லை. தேடிப் போனேன். அந்தச் சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, கைக் கத்தரியால் ஓரத்துப் புல்லை நறுக்கிக்கொண்டிருந்தார். மெழுகுதிரி ஒன்று கொளுத்தினார். ஜாக்கெற் பொக்கற்றில் இருந்து ஒரு ரொஃபி இனிப்பு எடுத்து வைத்தார்.

"அப்பாவுக்கு இண்டைக்குச் சுகமில்லை, குஞ்சு. நாளைக்கு வருவார்."

நான் சத்தம் போடாமல் வானுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று அவர் வீட்டுக் குழாயைத் தாண்டி நேரே குசினிக்குள் போனார். அக்கா கத்தினார்: "ஐயோ, முழுகாமல் உள்ளுக்கை வந்திட்டியள்!"

"பிள்ளையைப் பாத்திட்டு வந்ததுக்கு ஆரப்பா முழுகிறவை?" என்றார் அவர். அன்றிலிருந்து அந்தப் பேச்சு முடிந்தது.

மரியதாஸ் பர்மிங்காமுக்குப் போகவேயில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழியில் புல்லுவெட்டியார்தான் எங்களை விட்டுப் போனார். தகனம் முடிந்து வந்த சொந்தக்காரர்கள் முழுகப் பின்வளவில் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நானும் மரியதாசும் அவர்களைத் தாண்டிக் குசினிக் கதவால் உள்ளே போனோம். அக்கா எங்களுடைய காய்ந்த தலைகளைப் பார்த்தார். இருக்கக் கதிரை இழுத்துப் போட்டார்.