உரிமைகளைப் பத்திரப்படுத்திய குழு

மனித குலம் ஆயிரம் ஆண்டுகளாகத் தேடிய அறிவின் ஒளி, ராஜாவின் தலை போன அந்த ஆண்டில், பாரிசில் ஒரு பழைய சோப்புக் கிடங்குக்குத்தான் வந்து சேர்ந்தது. புரட்சியின் எதிரிகளைப் பிடித்துக் கொடுக்கும் எங்கள் பேட்டைக் கண்காணிப்புக் குழுவினர் ஆறு பேரும் அங்கேதான் கூடுவார்கள்.

குழுவின் செயலாளர் வாசெல், முன்பு பிரபுக்களுக்குப் பொய்முடி செய்தவர். பிரபுக்களுக்குத் தலையே இல்லாமல் போன பிறகு குறிப்பு எழுத வந்தார். உள்ளே இருப்பதை மறைக்கிற வேலைதான் இதுவும் என்பதால், கை சீக்கிரம் பழகிவிட்டது.

அன்று சலவைக்காரி பெரின் வந்தாள். அவள் கணவன் கொத்தாரை முந்தாநாள் ரொட்டி வரிசையில் பிடித்துப் போயிருந்தார்கள். மறுநாள் காலை அவன் பெயர் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து கதை சொன்னதில்லை.

"ஐயா..." என்றாள்.

"ஐயாவெல்லாம் ஒழிஞ்சாச்சு" என்றார் தலைவர் துர்மெல், நாற்காலியில் சாய்ந்தபடி. "இப்ப எல்லாரும் சமம். நீ அங்கயே நில்லு."

"என் வீட்டுக்காரர் என்ன தப்பு செஞ்சாரு?"

வாசெல் எழுந்து குற்றத்தைப் படித்தார். "'மனசுல பட்டதைச் சொன்னதுக்காக யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது' என்று நாற்பது பேர் காதில் விழும்படி கூறினான்."

"அடேயப்பா, என்ன விஷம்!" தலைவர் மேசையைத் தட்டினார். "யாரு இவனுக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?"

"அதோ, உங்க தலைக்கு மேல" என்று கை காட்டினாள் பெரின்.

சுவரில் மூவர்ண நாடா கட்டி, மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது.

"பத்தாவது விதி. எல்லாரும் படிங்கன்னு நீங்கதானே மாட்டி வச்சீங்க? எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டாரு பாவி மனுஷன்."

வாசெல் சுவரை நிமிர்ந்து பார்த்தார். பிரகடனத்தைப் பிரதி எடுத்தவர் அவர். குற்றப்பத்திரிகை எழுதியவரும் அவரே. தப்பு நம்முடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் கொத்தார் வீடு போய்ச் சேருவான். வாயைத் திறந்தார். கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு மூடிவிட்டார்.

பகுத்தறிவு குழுவைக் கைவிடவில்லை. உரிமைகள் மிக மிக உயர்ந்தவை, கண்டவன் வாயில் விழுந்தால் அழுக்காகிவிடும் என்று கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். ஆகவே, நாட்டில் அமைதி திரும்பும்வரை பிரகடனத்தைத் தேவதாருப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதென்று தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் 'சுதந்திரமாக' கை தூக்கலாம். தூக்கியவர் பெயர் மட்டும் குறித்துக்கொள்ளப்படும். ஒரு கைகூட எழவில்லை. பூட்டு விழுந்ததும் "சுதந்திரம் வாழ்க!" என்று முழங்கினார்கள். இரண்டு பேர் அழுதே விட்டார்கள்.

"அப்ப என் வீட்டுக்காரர்?"

"அவனும் உள்ள பத்திரமாத்தான் இருக்கான், குடிமகளே."

பெரின் பெட்டியைப் பார்த்தாள். "உரிமையைப் பெட்டியில பூட்டிட்டீங்க. அதைப் படிச்ச மனுஷனைச் சிறையில பூட்டிட்டீங்க. இப்ப இந்தப் பேட்டையில சுதந்திரமாத் திரியுறது நீங்க ஆறு பேருதானே?"

"குறிச்சுக்கோ வாசெல்!" என்று கத்தினார் தலைவர். "ஒரு வார்த்தை விடாம!"

வாசெல் தம் அழகான கையெழுத்தில் விடாமல் எழுதினார். குற்றப்பத்திரிகைப் படிவத்தின் அடியில் 'குற்றவாளிகள் எத்தனை பேர்?' என்று ஒரு கட்டம் இருந்தது. நன்றாகப் பழகிய கை, யாரையும் கேட்காமல் அதில் 'ஆறு' என்று போட்டது.