பத்துமலையின் ஊர்வலத்துக்குக் கிடைத்த பெர்மிட்

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் பத்துமலை ஒருநாள் காலையில் காலமானார். அவர் வேலை அத்துடன் முடிந்தது. மகன் விக்னேஸ்வரனுக்குத்தான் ஆரம்பம்.

போன மாதம் காம்பாரில் அவன் மச்சான் கனகராஜ், தன் அப்பாவின் இறுதி ஊர்வலத்தை டிரோனில் படம் எடுத்து ஊரையே அழவைத்திருந்தான். அதன் பிறகு டிரோன் இல்லாத சாவை யாரும் சாவாக மதிப்பதில்லை.

டிரோன் ஓட்டும் நைஜலிடம் லைசென்ஸ் இருந்தது, காப்புறுதியும் இருந்தது. "ஆனா கூட்டத்துக்கிட்ட பறக்கவிட தனி பெர்மிட் வேணும்ணே," என்றான். விக்னேஸ்வரனும் அவனும் ஈப்போவில் பெர்மிட் தரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

அதிகாரி கார்த்திகேசு எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே விண்ணப்பிச்சிருக்கணும்லா."

"அப்பா இன்னிக்குக் காலையிலதான் சார் செத்தாரு."

"வீட்டுல யாருக்கும் முன்கூட்டியே தகவல் இல்லையா?"

விக்னேஸ்வரன் மன்னிப்புக் கேட்டான்.

"சரி. யார் தலைக்கு மேலயும் பறக்கக் கூடாது."

"அப்பா தலைக்கு மேல சார்?"

"விழுந்தா அவருக்குக் காயம் படுமே."

"அவரு செத்துட்டாரு சார்."

"செத்தவங்களுக்கு விதிவிலக்குன்னு எங்கேயும் எழுதலையே. பெட்டிய நல்லா மூடிருங்க."

ஆனாலும் இரக்கமுள்ள மனிதர். பொதுமக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, மேலிடத்துடன் கலந்தாலோசித்து, அன்றே அனுமதி வழங்கினார். ஒரே ஒரு நிபந்தனை: ஊர்வலத்தில் கூட்டம் இருக்கக் கூடாது.

மறுநாள், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த செம்பனைத் தோட்டத்துச் சாலையில் சவ வண்டி தனியாகக் கிளம்பியது. வந்திருந்த அத்தனை பேரும் விக்னேஸ்வரன் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றார்கள். பத்துமலையின் மனைவி நல்லம்மாள் மட்டும் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார்.

"அம்மா, நில்லுங்க! பெர்மிட் போயிரும்!"

"நீ பெர்மிட்டோட வா. நான் அவரோட போறேன்."

நைஜல் அவசரமாகப் பெர்மிட்டைப் புரட்டினான். ஒரு ஆள் கூட்டம் ஆகாது. டிரோன் தொடர்ந்து பறந்தது.

படம் அருமையாக வந்தது. நீண்ட சாலை, ஒற்றை வண்டி, பின்னால் வெறுங்காலோடு ஒரு கிழவி. பேஸ்புக் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த பாரிட் புந்தார் ஊர் உறவுக்காரர் ஒருவர் கொதித்துப்போய் எழுதினார்: "பாவம் நல்லம்மா அக்கா! ஒருத்தன்கூட கூடப் போகலையே. என்ன ஜனங்களோ!"

கயிற்றுக்குப் பின்னால் நின்ற கூட்டம் கைப்பேசியில் அதைப் படித்துக் கண் கலங்கியது. ஒருவர் பாக்கியில்லாமல் லைக் போட்டார்கள். முதல் லைக் விக்னேஸ்வரனுடையது.