பெண் பார்க்கப் போன கோதுமை

கோயிலில் கொடுத்தது என்று யாராவது எதையாவது நீட்டினால், என்ன ஏது என்று கேட்காமல் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்கிற சனம் நாங்கள். அந்தப் பழக்கத்தால் என் கலியாணமே மயிரிழையில்தான் தப்பியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டொரன்டோவில், டான்ஃபோர்த் வீதியில், ஒரு கிரேக்க உணவகத்தில் சமையற்கட்டு வேலை. முதலாளியம்மா எலேனி ஒரு குட்டித் தீவுக்காரி. அவருடைய தீவில் குடும்பத்துக்கு ஒரு புனிதர், புனிதருக்கு ஒரு வெள்ளைச் சிற்றாலயம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முனை வைரவர் கோயில் அளவுதான். சுவரில் அதன் படத்தை மாட்டிவைத்து, நாள் தவறாமல் அதன் திருவிழாப் பெருமை பேசுவார். நான் வெங்காயம் நறுக்கியபடி தலையாட்டுவேன். (காதில் வாங்கினால்தானே!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து ஸ்காபரோவுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டேன். எலேனி ஒரு பெட்டியை நீட்டினார். அவித்த கோதுமை, சீனி, மாதுளை முத்து, பாதாம். "தேவாலயத்தில் பாதிரியார் ஆசீர்வதித்தது. எல்லோருக்கும் கொடு" என்றார். பிறகும் ஏதோ சொன்னார். எனக்கு பஸ் போய்விடும் என்ற அவசரம். தீவுத் திருவிழாவை இங்கே கொண்டாடுகிறார்களாக்கும் என்று நானே முடிவு கட்டினேன்.

"வெறுங்கையோடை வராமல் பிரசாதத்தோடை வந்திருக்கிறார்" என்று பெண்ணின் தாயார் உருகிப்போனார். தகப்பனார் திரும்பவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெண் வசந்தி, "நல்லாயிருக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த வாரம் வசந்தியின் தகப்பனார், அதாவது அங்கிள், உணவகத்துக்கே வந்தார். (வேலை செய்கிற இடத்தில் விசாரிக்காமல் எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் பெண் கொடுப்பார்?) வந்தவர், பிரசாதத்தைக் குடும்பமே சாப்பிட்டது என்று எலேனிக்கு நன்றி வேறு சொன்னார். எலேனி விம்மியபடி அவரைக் கட்டிப்பிடித்தார். சிற்றாலயப் படத்துக்குப் பக்கத்தில், விளக்கெரிந்துகொண்டிருந்த ஒரு மீசைக்காரரின் படத்தைக் காட்டினார்.

"என் அண்ணன். நாற்பதாம் நாள் படையல் அது. அவருடைய ஆத்துமாவுக்காகச் சாப்பிட்டிருக்கிறீர்களே!"

எலேனி பல நாட்களாகக் கறுப்பு உடுத்தித் திரிந்ததை நானும் பார்த்தேன். சமையற்கட்டு அழுக்குத் தெரியாமலிருக்க என்று நினைத்துவிட்டேன்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "தம்பி, பொம்பிளை பாக்க வரேக்கை செத்தவீட்டுச் சாப்பாடே கொண்டு வந்தனீர்?"

"இல்லை அங்கிள்... நான் வைரவர் பொங்கல் மாதிரி எண்டு..."

அவர் முழுதும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் அந்த வீட்டில் அத்தனை பேரும் தீட்டுக் கழியத் தலைக்குத் தோய்ந்தார்களாம். வசந்தியின் தாயார் அன்ரி, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினாராம். சரி, சம்பந்தம் முறிந்தது என்று நான் உண்மையாகவே அழுதேன். வெங்காயம் இருந்ததால் மானம் தப்பியது.

காப்பாற்றியவள் வசந்திதான். "உவர் கேக்காமல் கொண்டு வந்தார். நாங்கள் கேக்காமல் திண்டம். உவரிலை மட்டும் என்ன பிழை? முன்பின் தெரியாத ஒரு மனிசனுக்காகச் சாப்பிட்டது புண்ணியம்தானே அப்பா" என்று தகப்பனாரிடம் சண்டை பிடித்தாளாம். ஆவணியில் கலியாணம் நடந்தது.

பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் நான் கேக் வாங்கிப் போனாலென்ன, கொத்துரொட்டி வாங்கிப் போனாலென்ன, கதவைத் திறக்கிற வசந்தி பார்சலில் கைவைக்க முன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்:

"ஆர் செத்தது?"