உடையப்பனின் இரண்டு மைல்

"நாளையிலேர்ந்து தெனம் ரெண்டு மைல் விறுவிறுன்னு நடப்பேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணினார் உடையப்பன். குளத்தூர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ரத்தக்கொதிப்பு, தினமும் நடக்கணும், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடக்கிறதுக்குத்தான் சத்தியம். எண்ணெயைப் பற்றி மனுசன் மூச்சு விடவில்லை, கவனிச்சீங்களா?

அவர் சம்சாரம் செங்கமலம் கவனித்தாள்.

விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். நூறு அடியில் சவரியப்பன் டீக்கடை. முதல் ஈடு உளுந்தவடை எண்ணெயை விட்டு ஏறுகிற நேரம். நாலு வடை, ஒரு மணி நேரம் பெஞ்சு. கிளம்பும்போது நெற்றியில் கொஞ்சம் தண்ணி தெளித்துக்கொண்டால் வேர்வை. பதினெட்டு வருசமாக ஆபீஸில் திட்டு வாங்கியும் அவர் உயிரோடு இருந்தது அந்த வடைக்காகத்தான்.

"தனியாப் போகாதீங்க. சிப்பாயைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஒருநாள். சிப்பாய், வீட்டு நாய்.

"நாயைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனா ஊரு சிரிக்காதாடி?"

"சிரிக்கட்டும். நீங்க நல்லா இருந்தாப் போதும் எனக்கு." கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

உடையப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. டீக்கடை வரைக்கும் அந்த வெட்கம் இருந்தது. அங்கே சிப்பாய்க்கும் ஒரு வடை போட்டார்.

பத்து நாள் போனது.

"ஏங்க, சிப்பாய் கஞ்சியை மோந்து பாத்துட்டுப் போயிருதே?"

"நடந்த களைப்பு."

"நடக்குற நாய் இளைக்கணும்ல? இது உருண்டுக்கிட்டு வருது."

"காத்து ஒத்துக்கிருச்சு போல."

"அப்படியா? அதுக்கு மேலுக்குச் சொகமில்ல போல. நாலு நாளு நீங்க மட்டும் போங்க."

போனார். நாய் பங்கையும் சேர்த்து அஞ்சு வடை தின்றார்.

ஐந்தாம் நாள் கயிற்றை அவர் மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டாள் செங்கமலம். வாசலைத் தாண்டியதும் சிப்பாய் இழுத்த இழுப்பு இருக்கே! டீக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குமாஸ்தா ஐயா, வடை!" என்று கத்தினார் சவரியப்பன்.

"வடை கெடக்கட்டும், நாயைப் புடிய்யா! ஏய், இங்கிட்டு, இங்கிட்டு!"

கண்மாய்க் கரையில் ஒரு செருப்பு போனது. மச்சினன் பெரியகருப்பன் தோட்டத்து வீட்டில்தான் நாய் நின்றது. சட்டியில் ஆட்டெலும்பு காத்திருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு கேப்பைக்கூழ். வீட்டிலிருந்து சரியாக ஒரு மைல். போக வர இரண்டு.

"வாங்க மச்சான். நேரத்தோட வந்துட்டீங்களே!"

"இந்த நாய்க்கு இங்கிட்டு எப்புடிடா வழி தெரியும்?"

"நாலு நாளா நீங்க ஆபீஸ் போனதும் அக்காதானே கூட்டியாந்து எலும்பு போட்டுச்சு. கூழைக் குடிங்க."

மச்சினன் நீட்டியதை மறுத்தால் மரியாதையில்லை. குடித்தார். உப்பும் இல்லை.

"இன்னைக்கு ஒருநாளைக்குத்தானடா?"

"கறிக்கடையில மாசம் முச்சூடும் எலும்புக்கு அக்கா சொல்லி வச்சிருக்கு மச்சான்."