ஒரே ஒரு சின்ன விஷயம்

'ஒரே ஒரு சின்ன விஷயக்காரர்' என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முடிந்துபோன எந்த வேலையின் முன்னாலும் வந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "ரொம்ப நல்லா இருக்கு, ஒரே ஒரு சின்ன விஷயம்..." என்று தொடங்குவார். அதற்குப் பிறகு அது முடிந்த வேலை அல்ல.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் எங்கள் விளம்பர நிறுவனத்தில் இருக்கும் அந்த இனத்தவர் பெயர் தோர்பென். எங்கள் அலுவலகத்தில் முதலாளி முதல் பயிற்சி மாணவர் வரை எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். எல்லோரும் சமம் என்பதால் எல்லோரும் கருத்துச் சொல்லலாம். தோர்பென் அதைக் கடமையாகவே செய்கிறார். கல்லூரியிலிருந்து கட்டாயப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வழிகாட்டியும் அவர்தான்.

இந்த முறை வந்தவள் வீப்கே. திரும்பிப் போகும்போது, தான் வடிவமைத்து ஊரில் வெளியான ஒரு வேலையையாவது அவள் வகுப்பில் காட்டியாக வேண்டும். அவளுக்குக் கிடைத்தது, திறந்தவெளி நீச்சல் குளத்தின் கோடைக்கால போஸ்டர். வரைந்து வைத்தாள்: தாள் முழுக்க நீலம், ஓரத்தில், கரை சேரப்போகும் ஒரேயொரு ஆரஞ்சு நிற நீச்சல் தொப்பி.

தோர்பென் தலையைச் சாய்த்தார்.

"சூப்பர், வீப்கே! ஒரே ஒரு சின்ன விஷயம். குளத்துல உருளைக்கிழங்கு வறுவல் விக்கிறாங்களே, அதைக் காணோமே?"

வறுவல் வந்தது. வறுவல் வந்தபின் சைக்கிள் நிறுத்துமிடத்தை விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? அதுவும் வந்து, அதன் பின்னால் முதியோர் நீர்ப்பயிற்சியும், சறுக்குமரமும், நாய்களுக்கு அனுமதியில்லை என்று சொல்ல ஒரு நாயும், மழை வந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்ல ஒரு குடையும் வந்து, நீலம் சோகமாக இருக்கிறது என்று கணக்குப் பிரிவு கருதியதால் நீலம் பச்சையாகி, தொப்பி பட்டாணி அளவுக்குச் சுருங்கிக் குடைக்குப் பின்னால் ஒதுங்கியது.

"இதுல என்னோடது எது, தோர்பென்?"

"எல்லாமே உன்னோடதுதான். நாங்க சும்மா கூட இருந்தோம்."

கடைசி நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி, போகிறவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். இருக்கிறவர்கள் தின்று வழியனுப்புவார்கள். போஸ்டருக்குச் சம்மதம் சொல்லக் குளத்தின் நிர்வாகி திருமதி ஹின்ரிக்ஸும் அன்றுதான் வந்திருந்தார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இங்க நீந்தவும் செய்யலாமா?" என்று கேட்டார்.

வீப்கே கேக் பெட்டியின் மூடியைத் திறந்தாள். தட்டு முழுக்க நீலக் கிரீம். ஓரத்தில், கவிழ்த்து வைத்த, ஆரஞ்சு நிற அரை ஆப்ரிகாட் பழம்.

"அட, இதுதானே போஸ்டர்!" என்றார் ஹின்ரிக்ஸ்.

"முதல் நாள்ல இருந்து நானும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றார் தோர்பென். பிறகு தலை சாய்ந்தது. "ஒரே ஒரு சின்ன..."

"வாயைத் திற, தோர்பென்."

வீப்கே ஊட்டிய துண்டு சின்னதல்ல. அவர் மென்று விழுங்குவதற்குள் ஹின்ரிக்ஸ் சம்மதம் சொல்லிவிட்டார்.

இப்போது பேருந்து நிறுத்தங்களில் அந்த நீலம்தான். வகுப்பில் வீப்கே அதைத்தான் காட்டினாள்.

நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். கேக்கில் ஆப்ரிகாட்டுக்குப் பதிலாக ஒரு செர்ரியை வைத்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை, அல்லவா? தலையை நேராக வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.